அரபு பேசுகிறவர் எல்லோரும் அரபியா?

கடலோரத்தான் (இராமநாதபுரம்) – இழையைத் தொடங்கியவர்

குவைத்தில் 11 வருடம் ஸ்டோர் கீப்பராக இருந்தேன். ஊர் திரும்பி இரண்டு வருடம் ஆகிறது. அங்கே நடந்த ஒரு சின்ன விஷயம் இன்னும் மனதில் கிடக்கிறது. இங்கே வரலாறு படித்தவர்கள், பல நாடுகளில் இருக்கிறவர்கள் இருப்பதால் கேட்கிறேன்.

கல்ஃப் போன நம் ஆட்களுக்குத் தெரியும். நம் பேச்சில் 'அரபி' என்றால் அந்த நாட்டுக்காரர் மட்டும்தான். முதலாளி அரபி, கபில் (விசாவுக்குப் பொறுப்பானவர்) அரபி. எகிப்துக்காரர் 'மிஸ்ரி', சூடான்காரர் 'சூடானி', லெபனான்காரர் 'லெபனானி'. அவர்களும் காலையிலிருந்து ராத்திரி வரை அரபுதான் பேசுவார்கள். ஆனாலும் அவர்களை நாம் 'அரபி' என்று சொல்வதில்லை. ஏன் என்று நான் யோசித்ததும் இல்லை.

ஒரு தடவை கேம்ப் மாற்றினார்கள். அறை ஒதுக்க ஒரு பட்டியல் கேட்டார்கள்: பெயர், பத்தாக்கா (அடையாள அட்டை) எண், மொழி, இனம். நம் பக்கத்து ஆட்களுக்கு ஒவ்வொன்றாகப் போட்டேன். அரபு பேசுகிற ஒன்பது பேருக்கும் முதல் வரியில் 'அரப்' என்று அடித்து, எக்ஸெலில் அப்படியே கீழே இழுத்துவிட்டேன்.

மறுநாள் காலையில் கணக்காளர் அந்தத் தாளின் பிரிண்டோடு வந்து நின்றார். எகிப்தின் மின்யாக்காரர், கோப்ட் கிறிஸ்தவர், அதாவது அந்த நாட்டின் பழைய கிறிஸ்தவப் பிரிவு. வலது மணிக்கட்டின் உள்பக்கம் நீலத்தில் சின்னதாகச் சிலுவை பச்சை குத்தியிருப்பார். அந்தக் கையால் பேனாவை எடுத்து என் முன்னாலேயே 'அரப்' என்ற சொல்லைக் கோடு போட்டு அடித்தார். "மொழிக்குப் போட்டது சரி. இதை யாரிடம் கேட்டுப் போட்டாய்?" கோபம் இல்லை, நிஜமாகவே கேட்டார். பக்கத்தில் ஃபோர்மேன், பாலஸ்தீனக்காரர். "என் வரியில் கை வைக்காதே, எனக்கு இரண்டிலும் அரபுதான்" என்றார். சூடானி டிரைவர் தாளை வாங்கிப் பார்த்துவிட்டு, "எனக்கு எதுவானாலும் சரி. கார்ட்டூமில் நான் அரபி. இங்கே வந்தால் அது யார் கண்ணிலும் படவில்லை" என்றார்.

ஒரே மொழி, ஒரே தாள், மூன்று பதில்.

அன்றைக்கே ஒன்று தோன்றியது. யார் தன்னை அரபி என்கிறாரோ அவர் அரபி. அதற்கு அந்த மொழி போதும், ரத்தம் பார்க்கத் தேவையில்லை. ஆனால் மொழியை மட்டும் வைத்து அடுத்தவர் வரியை நாம் நிரப்பக் கூடாது. இது சரியா? அரபு பேசுகிறவர்கள் தங்களை அரபியர் என்று சொல்லிக்கொள்ளத்தான் வேண்டுமா?

வைகறை (மதுரை)

நல்ல கேள்வி அண்ணே. இதே கேள்விதான் அங்கே நூறு வருடத்துக்கு மேலாக ஓடுகிறது.

'அரப்' என்ற சொல்லின் பழைய பொருளைப் பார்த்தால் உங்கள் கணக்காளர் பக்கம்தான் நியாயம். அந்தச் சொல் முதலில் வருவது ஓர் அசீரியக் கல்வெட்டில், கி.மு. 853-ல் நடந்த கர்க்கார் போரைப் பற்றியது. எதிரணிக்கு 1,000 ஒட்டகங்களோடு வந்த கிந்திபு என்ற தலைவனை 'அரபு நாட்டவன்' என்கிறது. அதற்கப்புறம் நெடுங்காலம் அந்தச் சொல் பாலைவனத்து மேய்ச்சல் குடிகளைத்தான் குறித்தது. 14-ஆம் நூற்றாண்டில் இப்னு கல்தூன் எழுதும்போதுகூடப் பல இடங்களில் அதே பொருள்தான். எகிப்தின் கிராமங்களில் இன்றும் 'அரப்' என்றால் பதூ (பாலைவன நாடோடி) மக்கள். நைல் கரையில் உழுகிற விவசாயி பெரும்பாலும் தன்னை அப்படிச் சொல்லிக்கொண்டதில்லை.

மொழி பேசுகிற அத்தனை பேரும் அரபியர் என்ற எண்ணம் 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் வளர்ந்தது. அதை வளர்த்தவர்களில் பலர் கிறிஸ்தவர்கள். பெய்ரூத்தில் புத்ருஸ் அல்-புஸ்தானி நவீன அரபு அகராதி செய்தார், பள்ளி நடத்தினார், பத்திரிகை நடத்தினார். இப்ராஹிம் அல்-யாஸிஜி அரபுகளே விழித்தெழுங்கள் என்று கவிதை பாடினார். பின்னால் அரபு ஒற்றுமை பேசிய பாத் கட்சியைத் தொடங்கியவர்களில் ஒருவரான மிஷெல் அஃப்லக் டமாஸ்கஸின் ஆர்த்தடாக்ஸ் குடும்பம். எதற்காக இவர்கள்? உதுமானிய ஆட்சியில் மனிதனை மதம் வைத்துப் பிரித்து எண்ணினார்கள். கிறிஸ்தவர் என்றால் தனி வரிசை. 'நாம் எல்லோரும் அரபுகள்' என்ற சொல் அந்த வரிசையை உடைத்தது. ஒரு மசூதிக்காரரும் ஒரு தேவாலயக்காரரும் சரிசமமாக நிற்க அதில் இடம் இருந்தது.

எகிப்திலும் அப்படி ஒருவர் உண்டு. வஃப்து கட்சியின் பெரிய தலைவர் மக்ரம் உபைத், கோப்ட் கிறிஸ்தவர். 1939-ல் 'அல்-ஹிலால்' இதழில் எகிப்தியர் அரபுகளே என்று எழுதினார். ஆகவே 'கோப்ட் என்றால் அரபி இல்லை' என்பதும் எல்லாக் காலத்துக்கும் பொருந்தாது.

என்னைக் கேட்டால், அந்தப் பெயர் ரத்தத்தில் தொடங்காமல் மொழியில் தொடங்கியது பெரிய விஷயம். அதை லேசில் விட்டுவிடக் கூடாது.

பாரிஸ் வாசி (லா கூர்நேவ்)

வைகறை, நீங்கள் எழுதினதை இரண்டு முறை வாசித்தேன். எங்கட தொடர்மாடியில் கீழ்வீட்டுக்காரர் கபிலியர், அல்ஜீரியாவின் திஸி ஊஸூ பக்கம். அரபுக்கு முன்பே அங்கே இருந்த அமாஸிக் (பெர்பர்) மக்களில் ஒரு பிரிவு. காலையில் காணும்போது 'ஸலாம்' சொல்ல மாட்டார், 'அஸுல்' என்பார். நானும் 'அஸுல்' என்பேன். இருபது வருடப் பழக்கம். அரபு அவருக்குத் தண்ணீர் மாதிரி ஓடும். மனைவி ஒரான் நகரத்தார், வீட்டில் பாதிக் கதை அரபில்தான். அவரிடம் யாரும் 'நீங்கள் அரபுதானே' என்று கேட்டால் முகம் மாறிவிடும்.

ஏன் என்று ஒருநாள் கோப்பிக் கடையில் இருந்து சொன்னார். 1980 மார்ச்சில் திஸி ஊஸூ பல்கலைக்கழகத்தில் எழுத்தாளர் மூலூத் மம்மேரி பேச வர இருந்தார். தலைப்பு அரசியல் இல்லை, பழைய கபிலியக் கவிதை. அதற்கே தடை போட்டார்கள். அதிலிருந்துதான் 'பெர்பர் வசந்தம்' வெடித்தது. இவர் அப்போது மாணவர். ஏப்ரலில் பாதுகாப்புப் படை விடுதிக்குள் புகுந்த இரவில் உள்ளே இருந்திருக்கிறார். தாய் பாடின பாட்டைப் பற்றிப் பேச விடாத ஒரு பெயரைத் தன் பெயராக எப்படிச் சொல்லுவது என்று கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை. ஈழத்தில் இருந்து வந்தவனுக்கு இதை விளங்கப்படுத்தவும் தேவை இல்லை.

அமாஸிக் மக்களின் தமாஸிக்த் மொழி அல்ஜீரியாவில் தேசிய மொழியானது 2002-ல், ஆட்சி மொழியானது 2016-ல். இடையில் 2001-ல் கபிலியாவில் நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் சுடப்பட்டுச் செத்தார்கள். மொரோக்கோவில் 2011 அரசியலமைப்பில் இடம் கிடைத்தது. பிள்ளைக்கு அமாஸிக் பெயர் வைக்கப் போனால் பதிவாளர் மறுத்த காலமும் அங்கே இருந்தது.

பெய்ரூத்துக்காரருக்கு அந்தப் பெயர் வாசலாக இருந்திருக்கலாம். மலைக்காரருக்கு அது பூட்டு.

வைகறை (மதுரை)

உங்கள் கீழ்வீட்டுக்காரர் சொன்னதை மறுக்க எனக்கு உரிமை இல்லை. ஆனால் அவர் தாய்மொழி கபிலியம். கேள்வி அரபையே தாய்மொழியாகக் கொண்டவர்களைப் பற்றியது இல்லையா?

பாரிஸ் வாசி (லா கூர்நேவ்)

அங்கேதான் சிக்கலே. அந்த நாடுகளில் இன்று அரபு மட்டும் தெரிந்தவர்களில் எத்தனையோ பேரின் பூட்டனார் அமாஸிக் பேசியவர். நகரத்துக்கு இறங்கி வந்தார்கள், இரண்டு தலைமுறையில் மொழி போய்விட்டது. மொழி போனதால் இனமும் போய்விட்டதென்று கணக்கு எழுதலாமா?

இன்னொன்று. அல்ஜீரிய மக்கள் முஸ்லிம்கள், அரபியத்தைச் சேர்ந்தவர்கள் என்ற புகழ்பெற்ற வரியை எழுதினவர் அப்துல் ஹமீத் பின் பாதிஸ். அவரே சன்ஹாஜா என்ற அமாஸிக் குலத்தவர். 'சன்ஹாஜி' என்று கையெழுத்துப் போட்டவர். பிரெஞ்சுக்காரன் நாட்டையே விழுங்க நின்ற காலத்தில் அவர் அப்படிச் சொன்னதின் நியாயம் எனக்கு விளங்குகிறது. சுதந்திரம் கிடைத்த பிறகு அதே வரியை மலைக்காரனின் வாயை அடைக்கப் பாவித்ததைத்தான் தாங்க முடியவில்லை.

நீலாங்கரை வாசகி

மால்டாவை யாரும் சொல்லவில்லையே! மால்டா மொழி சிசிலியில் பேசிய பழைய அரபிலிருந்து வந்தது. ரொட்டிக்கு அவர்கள் சொல் 'ஹோப்ஸ்'. கல்ஃபில் இருந்தவர்களுக்கு 'குபூஸ்' ஞாபகம் வரும். கடவுளை 'அல்லா' என்கிறார்கள், ஆனால் பெரும்பாலோர் கத்தோலிக்கர். தவக்காலத்துக்குப் பெயர் 'ரந்தான்', அதாவது ரமலான். 2004-லிருந்து ஐரோப்பிய ஒன்றியத்தின் ஆட்சி மொழிகளில் அதுவும் ஒன்று. மால்டாக்காரரை அரபி என்று யாரும் எழுதுவதில்லை, அவர்களும் சொல்லிக்கொள்வதில்லை. மொழிதான் அளவுகோல் என்றால் அவர்களை எங்கே வைப்பது?

வடகரை (தஞ்சாவூர்)

எல்லோரும் ஒரே பக்கம் சாய்கிறீர்கள். நான் எதிர்த்துச் சொல்கிறேன்.

ஆளாளுக்கு விருப்பப்படி பெயர் வைத்துக்கொண்டால் கடைசியில் யாருக்கு லாபம்? அந்த நிலப்பரப்பை 1916-ல் ரகசிய ஒப்பந்தம் போட்டுக் கூறு போட்டது பிரிட்டனும் பிரான்சும். எல்லைக்கோடுகள் அவர்கள் பேனாவால் வந்தவை. அதை மீறி ஒரு பாக்தாத்காரனையும் ஒரு கெய்ரோக்காரனையும் சேர்த்து நிறுத்தியது 'அரபு' என்ற ஒரே சொல். 1953-ல் கெய்ரோவிலிருந்து 'அரபுகளின் குரல்' வானொலி தொடங்கியபோது அல்ஜீரியா மலையிலும் ஏடன் துறைமுகத்திலும் மக்கள் ரேடியோவைச் சுற்றி உட்கார்ந்தார்கள். அல்ஜீரியப் போராளிகளுக்கு ஆயுதமும் அரசியல் ஆதரவும் எகிப்திலிருந்து போனது இந்த உறவை நம்பித்தான்.

இஸ்ரேலில் 2014-ல் உள்துறை அமைச்சகம் ஒரு புது இனத்தைப் பதிவேட்டில் சேர்த்தது: 'அராமியர்'. அரபு பேசும் கிறிஸ்தவர்கள் விரும்பினால் அரபு என்பதற்குப் பதில் அப்படிப் பதியலாம் என்றது. அது அந்த மக்கள்மீது கொண்ட அன்பால் வந்தது என்று நம்புகிறீர்களா? பாலஸ்தீனரின் எண்ணிக்கையைக் கூறுகூறாக உடைக்க அது வசதி. உங்கள் ஃபோர்மேன் 'என் வரியில் கை வைக்காதே' என்றாரே, அதில் இருக்கிற வலியை யாரும் கவனிக்கவில்லை.

கடலோரத்தான் (இராமநாதபுரம்)

வடகரை, ஃபோர்மேன் வரியை நான் தொடவே இல்லை. அவர் கேட்டதும் அதைத்தானே. அவருக்குச் சொந்த நாடு பாஸ்போர்ட்டில் இல்லை. ஜோர்டான் கொடுத்த பயணத் தாளில் வாழ்க்கை முழுக்க ஓட்டியவர். 'அரபி' என்ற சொல்லை அவரிடமிருந்து யார் பிடுங்கினாலும் நான் அவர் பக்கம்தான். ஆனால் அவருக்கு அது தேவை என்பதற்காக, பக்கத்து மேசைக்காரர் தலையில் அதைக் கட்டலாமா?

மருதமுனையான் (இலங்கை, கிழக்கு)

நான் இந்த இழையைச் சும்மா வாசித்துக்கொண்டு போனேன். கடைசி வரியைப் பார்த்ததும் எழுதாமல் இருக்க ஏலவில்லை.

எங்கட கதை இதுக்குக் கண்ணாடி மாதிரி. நான் பேசுவது தமிழ், கனவு காண்பது தமிழ், உம்மா தாலாட்டியது தமிழ். ஆனால் இலங்கையில் எங்களைத் தமிழர் என்று எழுதுவதில்லை, நாங்களும் எழுதுவதில்லை. சோனகர், முஸ்லிம். 1888-ல் பொன்னம்பலம் இராமநாதன் ஆசியக் கழகத்தில் ஒரு கட்டுரை வாசித்தார். மொழியையும் வழக்கத்தையும் வைத்துப் பார்த்தால் சோனகர் மதம் மாறிய தமிழரே என்றார். சட்டசபையில் எங்களுக்குத் தனி இடம் கொடுக்கலாமா என்ற பேச்சு நடந்த காலம் அது. அதற்கு ஐ.எல்.எம். அப்துல் அஸீஸ் 1907-ல் மறுப்பு எழுதினார். அவர் நீட்டிய ஆதாரம் என்ன தெரியுமா? அரபு நாட்டிலிருந்து வந்த மூதாதையர். அங்கே அரபு பேசுகிறவர் 'நான் அரபு இல்லை' என்கிறார். இங்கே அரபே பேசாதவர் 'நாங்கள் அரபு வழி' என்றார். இரண்டு பேருக்கும் பிரச்சினை ஒன்றுதான்: பெரிய பக்கத்துவீட்டுக்காரர் தங்களை விழுங்கிவிடுவாரோ என்ற பயம்.

அந்தப் பயம் வெறும் கற்பனை இல்லை. 1990 அக்டோபரில் விடுதலைப் புலிகள் யாழ்ப்பாணத்து முஸ்லிம்களை இரண்டு மணித்தியாலத்தில் வெளியேறச் சொன்னார்கள். போனவர்கள் எல்லோரும் தமிழில்தான் அழுதார்கள். மொழி எங்களைக் காப்பாற்றவில்லை. ஆக, 'ஒரே மொழி பேசுகிறோம், ஒரே இனம்தானே' என்று யாராவது சொன்னால் எனக்கு முதலில் எழும் கேள்வி: ஆபத்து வரும்போதும் அதையே சொல்லுவீர்களா? எகிப்தின் கோப்ட் அண்ணனும் அதைத்தான் கேட்டிருப்பார் என்று நினைக்கிறேன். தேவாலயத்தில் குண்டு வெடிக்கும்போது அவர் அரபி என்பது யாருக்கும் நினைவுக்கு வருவதில்லையே.

பாரிஸ் வாசி (லா கூர்நேவ்)

நானா, வாசித்தேன். நான் யாழ்ப்பாணத்தான். 90-ல் எனக்கு 13 வயது. எங்கட வீதிக் கடைசியில் தையல்கடை வைத்திருந்தவர் சைக்கிளில் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு போனதைக் கண்டேன். வேறு என்ன எழுதுவதென்று தெரியவில்லை. மன்னியுங்கோ.

மருதமுனையான் (இலங்கை, கிழக்கு)

நீங்கள் சின்னப் பிள்ளை தம்பி. எழுதினதே போதும்.

சொல்வளை (கோயம்புத்தூர்)

நான் மொழிபெயர்ப்பு செய்கிறவள். ஆங்கிலம் வழியாகக் கொஞ்சம் அரபுக் கதைகளைத் தமிழில் கொண்டுவந்துகொண்டிருக்கிறேன். இந்த இழை இதுவரை 'அரபி என்று சொல்ல விரும்பாதவர்'களையே பார்க்கிறது. சொல்ல விரும்பியும் விடப்படாதவர்கள் உண்டு. என் மேசையில் இப்போது இருப்பது அவர்கள் கதைதான்.

பாக்தாத் யூதர்கள். 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அந்த நகரத்தில் மூன்றில், நான்கில் ஒருவர் யூதர். வீட்டில் அரபு, கடையில் அரபு, பாட்டும் அரபு. 1932-ல் கெய்ரோவில் அரபு இசை மாநாடு நடந்தது. அரபு இசை என்றால் என்ன என்று தீர்மானிக்கவே கூட்டிய மாநாடு. ஈராக்கிலிருந்து பாட வந்தவர் முஹம்மது அல்-குப்பாஞ்சி, முஸ்லிம். அவருக்கு வாசித்த வாத்தியக்காரர்கள் கிட்டத்தட்ட எல்லோரும் யூதர்கள். ஈராக்கின் பெயரால் அவர்கள்தான் மேடையில் உட்கார்ந்தார்கள், யாருக்கும் அது விசித்திரமாகப் படவில்லை.

ஒன்பது வருடத்தில் எல்லாம் கெட்டது. 1941 ஜூனில் ஃபர்ஹூத் என்ற கலவரம், யூதர்கள் நூற்றுக்கும் மேல் கொல்லப்பட்டார்கள். 1948 போர் வந்தது. 1950-51-ல் குடியுரிமையைத் துறந்து ஏறத்தாழ 1,20,000 பேர் விமானத்தில் இஸ்ரேல் போனார்கள். பாக்தாத் அவர்களை 'யூதர், ஆகவே அரபு இல்லை' என்றது. போன இடம் 'யூதர், ஆகவே இனி அரபு வேண்டாம்' என்றது. கூடாரத்தில் இறங்கிய மக்களிடம் அவர்கள் பேசுவது எதிரியின் மொழி என்று சொல்லப்பட்டது.

சமீர் நக்காஷ் பாக்தாதில் 1938-ல் பிறந்தவர். பையனாக இஸ்ரேல் வந்து சேர்ந்தார். 2004-ல் இறக்கும்வரை அரபில் மட்டுமே கதை எழுதினார், பாக்தாத் யூதர்களின் வட்டார வழக்கையும் சேர்த்து. இஸ்ரேலில் அதைப் படிக்க ஆள் குறைவு. அரபு நாடுகளில் புத்தகம் எளிதில் போய்ச் சேராது. அவருடைய வழக்கைப் புரிந்துகொள்கிறவர்களே வருடா வருடம் குறைந்துகொண்டிருந்தார்கள். அப்படியும் மொழியை மாற்றவில்லை.

வைகறை எழுதியது போல மொழியே அளவுகோல் என்றால் அவரைவிடப் பெரிய அரபி யார்? அந்த அளவுகோலை உண்டாக்கினவர்களே அவர் விஷயத்தில் அதைக் கீழே போட்டுவிட்டார்கள். எனக்குக் கோபம் வருவது அங்கேதான்.

வைகறை (மதுரை)

சொல்வளை, இதற்கு என்னிடம் மறுப்பு இல்லை. சொல்லப்போனால் இது என் முதல் பதிவை அசைக்கிறது.

'அரபு பேசுகிறவன் அரபி' என்பதைக் கொள்கையாகவே வகுத்தவர் சாதி அல்-ஹுஸ்ரி. 1920-களில் ஈராக்கின் கல்வித்துறையைக் கட்டியவர். அவர் அதோடு நிற்கவில்லை. ஒருவன் தான் அரபி இல்லை என்று மறுத்தாலும் அவன் அரபிதான், மறுப்பதற்கு அறியாமையோ சுயநலமோ காரணமாக இருக்கும் என்றார். இதைப் படிக்கும்போது எப்போதும் எனக்கு ஒன்று உறுத்தும். அவர் துருக்கிமொழிச் சூழலில் வளர்ந்த உதுமானிய அதிகாரி. அரபில் பேசும்போது கடைசிவரை துருக்கி வாடை வந்ததாகச் சொல்வார்கள். நடுவயதில் தான் தேர்ந்தெடுத்துக்கொண்ட ஒன்றை, மற்றவர்களுக்குத் தேர்வே கிடையாது என்று எழுதினார்.

அவர் வழியில் வந்த பள்ளிப் புத்தகங்கள்தான் ஈராக்கிலும் சிரியாவிலும் குர்துக் குழந்தைகளின் கைக்குப் போயின. சிரியாவில் 1962-ல் ஹசாகா மாகாணத்தில் ஒரே நாள் கணக்கெடுப்பில் 1,20,000 குர்துகளின் குடியுரிமை போனது. நாட்டின் பெயரிலேயே 'அரபு' இருந்தது.

ஆனால் லெபனானையும் மறக்க வேண்டாம். 'நாங்கள் அரபு இல்லை, ஃபினீசியர் (அந்தக் கடற்கரையின் பழங்கால மக்கள்)' என்று ஒரு சாரார் சொன்னார்கள். கவிஞர் சயீத் அக்ல் லெபனான் பேச்சுமொழியை லத்தீன் எழுத்தில் அச்சடித்தே காட்டினார். ஆசை அழகானது. ஆனால் உள்நாட்டுப் போரின்போது அந்தப் பேச்சு பாலஸ்தீன அகதிகளை வெளியே தள்ளுகிற குரலோடு கலந்துபோனது. 'அரபு இல்லை' என்று சொல்வதிலும் யாரையாவது தள்ளிவைக்கிற வேகம் இருக்கலாம். 1989 தாயிஃப் உடன்பாட்டில்தான் லெபனான் அடையாளத்தால் அரபு நாடு என்று எழுதி முடித்தார்கள். 14 வருடச் சாவுக்கு அப்புறம் எழுதிய வரி அது.

காயல்வாசி

கடலோரத்தான் காக்காவுக்கு ஸலாம். ஒரு சின்னத் தகவல். 'அரபு என்பது தாயாலோ தந்தையாலோ வருவதில்லை, நாவால் வருவது. அரபு பேசுகிறவர் அரபி' என்று ஒரு ஹதீஸ் இந்த விவாதங்களில் அடிக்கடி வரும். அறிவிப்பாளர் வரிசையைப் பார்த்த அறிஞர்கள் அது பலவீனமானது என்று சொல்லியிருக்கிறார்கள். கருத்து எவ்வளவு பிடித்திருந்தாலும் நபிமொழி என்று உறுதியாக எடுத்து வைக்கக் கூடாது.

அதே நேரம், அரபு இலக்கணத்தின் தலைநூலை எழுதிய சீபவைஹி பாரசீகர். எங்கள் மதரஸாவில் அவர் பெயரை அரபுகளைவிட மரியாதையோடு சொல்வார்கள். அவரை யாரும் அரபி ஆக்கவும் இல்லை, அந்த மொழி அவருடையது இல்லை என்று சொல்லவும் இல்லை.

ஹூஸ்டன் தமிழன்

இங்கே அமெரிக்காவில் இது படிவப் பிரச்சினைதான். சிரியாவிலிருந்து வந்த ஜார்ஜ் டௌ என்பவர் 'வெள்ளையர்' என்று 1915-ல் நீதிமன்றம் ஒப்புக்கொண்ட பிறகுதான் அவருக்குக் குடியுரிமை கிடைத்தது. அந்த வழியில்தான் மத்தியக் கிழக்கு, வட ஆப்பிரிக்காவிலிருந்து வந்தவர்கள் கணக்கெடுப்பில் வெள்ளையராக எண்ணப்பட்டார்கள். 2024 மார்ச்சில்தான் 'மத்தியக் கிழக்கு, வட ஆப்பிரிக்கா' என்று தனிக் கட்டம் கொண்டுவர முடிவெடுத்தார்கள். அந்த ஒரே கட்டத்தில் லெபனான்காரர், எகிப்தியர், ஈரானியர், இஸ்ரேலியர் எல்லோரும். அலுவலகத்தில் என் ஈராக் நண்பர், சர்ச்சில் அராமிக் பேசுகிறவர், 'கடைசியில் எனக்குப் பொய் சொல்லாத ஒரு கட்டம் கிடைத்தது' என்று சந்தோஷப்பட்டார். அதில் 'அரபு' என்ற சொல் இல்லாததே அவருக்கு நிம்மதி.

நீலாங்கரை வாசகி

சூடானி டிரைவர் சொன்னது யாருமே தொடவில்லை. கடலோரத்தான் அண்ணா, அவர் என்ன ஆனார்?

கடலோரத்தான் (இராமநாதபுரம்)

அவரைப் பற்றி எழுத வேண்டும் என்றுதான் இருந்தேன்.

அவர் ஜஅலீன் குலம். நபிகளின் சிறிய தந்தை அப்பாஸின் வழி வந்தவர்கள் என்று அந்தக் குலத்தில் சொல்வார்கள். வம்சாவளி எழுதிய தாளை போனில் படம் எடுத்து வைத்திருந்தார், எனக்கும் காட்டினார். ஆனால் குவைத்தில் ஒரு பெட்ரோல் பங்க்கில் உள்ளூர் இளைஞன் ஒருவன் அவர் நிறத்தைச் சொல்லி, அடிமை என்று பொருள்படும் சொல்லால் கூப்பிட்டான். நான் பக்கத்து சீட்டில் இருந்தேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை, கண்ணாடியை ஏற்றினார். கேம்ப் வரும்வரை பேசவில்லை.

பல மாதம் கழித்து அவரே சொன்னார். அதே சொல்லைத் தன் ஊரில் தெற்கு சூடான்காரர்களைப் பார்த்துத் தானும் சொல்லியிருக்கிறாராம். சூடானின் மேற்கே தார்ஃபூரில் 2003-லிருந்து நடந்த கொலைகளும் இதில்தான் வந்து நிற்கிறது என்றார். இரண்டு பக்கமும் முஸ்லிம்கள், சந்தையில் இரண்டு பக்கமும் அரபு பேசுவார்கள், ஒரு பக்கத்துக்கு 'அரபு' என்று பெயர், மறுபக்கத்துக்கு 'கறுப்பர்' என்று பெயர். தெற்கு சூடானின் தலைநகர் ஜூபாவில் இன்றும் ஊரே ஒருவித அரபில்தான் பேசுகிறது, அங்கே ஒருவரும் தன்னை அரபி என்று சொல்வதில்லை. ஏன் என்று இப்போது தெரிகிறது என்றார். அப்புறம் சூடானில் 2023-ல் போர் வந்தது. அவர் குடும்பம் கார்ட்டூமை விட்டு போர்ட் சூடான் போனதுவரை தெரியும். இப்போது அந்த எண்ணில் ஒரே டிக்தான் விழுகிறது.

வடகரை (தஞ்சாவூர்)

அவர் நல்லபடியாக இருக்க வேண்டும்.

நான் சொன்னதில் பாதியைத் திருப்பி எடுத்துக்கொள்கிறேன். ஒன்றாகச் சேர ஒரு பெயர் வேண்டும் என்பதில் இன்னும் மாற்றமில்லை. ஆனால் அந்தப் பெயருக்குள்ளேயே மேல்தட்டு, கீழ்த்தட்டு இருந்தால் கீழே இருக்கிறவர் ஏன் அதைத் தூக்கிச் சுமக்க வேண்டும் என்ற கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை.

சொல்வளை (கோயம்புத்தூர்)

என் வேலைக்கு இந்த இழையால் ஒரு முடிவு கிடைத்தது. தொகுப்பின் அட்டையில் 'அரபு எழுத்தாளர்களின் கதைகள்' என்று போட்டிருந்தேன். 'அரபு மொழிக் கதைகள்' என்று மாற்றச் சொல்லி அச்சகத்துக்கு இன்று எழுதினேன். ஆசிரியர் குறிப்புகளில் ஒவ்வொருவரும் தங்களை என்ன சொல்லிக்கொண்டார்களோ அதையே போடுகிறேன். மொரோக்கோக்காரர் ஒருவர் ஓர் இடத்தில் அமாஸிக், இன்னோர் இடத்தில் அரபு என்கிறார். இரண்டையும் போட்டுவிடுகிறேன்.

கடலோரத்தான் (இராமநாதபுரம்)

கணக்காளர் வேலையை விட்டு மின்யாவுக்கே போய்விட்டார். நேற்று வாட்ஸாப்பில் இந்த இழையைப் பற்றிச் சொன்னேன், உங்கள் பதிவுகளைக் கொஞ்சம் கொஞ்சமாக மொழிபெயர்த்தும் அனுப்பினேன். நாலு நிமிட வாய்ஸ் நோட் வந்தது.

2022 டிசம்பர் 10 ஞாபகம் இருக்கிறதா என்று கேட்டார். உலகக் கோப்பையில் மொரோக்கோ போர்ச்சுகலை 1-0 என்று வென்ற நாள். ஓர் அரபு அணியோ ஆப்பிரிக்க அணியோ அரையிறுதிக்குப் போனது அதுதான் முதல் தடவை. எங்கள் கேம்ப் மெஸ்ஸில் டிவி முன்னால் மேசைமேல் ஏறி நின்று கத்தியவர் அவர்தான், எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. "அன்றைக்கு யாராவது கேட்டிருந்தால் அரபி என்றுதான் சொல்லியிருப்பேன்" என்றார். அந்த அணியில் பலர் அமாஸிக் என்பது பாரிஸ் வாசி பதிவைப் படித்தபிறகுதான் உறைத்ததாம்.

அவர் அப்பா 1973 அக்டோபரில் சூயஸ் கால்வாயைக் கடந்த படையில் இருந்தவர். சாகும்வரை தன்னை அரபி என்றே சொன்னாராம். ஞாயிறு பூசைக்குப் போவார், வந்ததும் ரேடியோவில் பாடகி உம்மு குல்தூம் பாட்டுக் கேட்பார். மகன் 'நாம் எகிப்தியர், அரபு இல்லை' என்றால் சாப்பாட்டுத் தட்டை நகர்த்திவிட்டு எழுந்து போய்விடுவாராம். "அந்தத் தாளில் அப்பாவின் பெயர் இருந்திருந்தால் நீ போட்டதே சரி" என்றார்.

மகளுக்கு 12 வயது. அவள் என்ன சொல்கிறாள் என்று கேட்டேன். ஞாயிறு வகுப்பில் கோப்டிக் எழுத்து படிக்கிறாளாம். பள்ளியில் அரபு இலக்கணத்தில் இந்த வருடம் அவள்தான் முதல். எழுதிய கட்டுரை ஒன்றைப் படம் எடுத்து அனுப்பியிருக்கிறார். எனக்கு எழுத்துக்கூட்டி வாசிக்க இன்னும் கொஞ்ச நேரம் ஆகும்.